படுக்கையறைக்கு நிஜ மரத்தரை: நம் ஊர் ஈரத்துக்குத் தாங்குமா?

பிறைக்காரர் – 3 மார்ச், மாலை 6.20

மாடி படுக்கையறைக்கு நிஜ மரப்பலகை போட ஆசை. கேட்டவர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். “நம் ஊர் ஈரத்துக்கு உப்பிக்கொண்டு எழும்பிவிடும், மிச்சத்தை அனாய்-அனாய் (கரையான்) தின்றுவிடும், பேசாமல் எஸ்பிசி பிளாஸ்டிக் பலகை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கு” என்கிறார் காண்ட்ராக்டர். பழைய டெரஸ் வீடு, மாடியில் டைல்ஸ் இருக்கிறது, ஏர்கோன் இரவில் மட்டும். மரத்தரை போட்டு அதில் குடியிருப்பவர்கள் உண்மையிலேயே யாராவது உண்டா, இல்லை எல்லாம் ஷோரூம் கதைதானா?

கெலுகோர் வாசி – 3 மார்ச், இரவு 10.15

குடியிருக்கிறேன். பினாங்கு கெலுகோரில் மாடி முன்னறை. மெர்பாவ் பலகை, 90 மி.மீ. அகலம், 18 மி.மீ. தடிப்பு. போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. உப்பவில்லை. கரையான் இதுவரை வரவில்லை. வந்தால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.

ஈரத்தில் மரம் நிற்காது என்பவர்களை ஜார்ஜ் டவுனில் ஏதாவது பழைய கடைவீட்டு மாடிக்கு அனுப்பிவையுங்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கூரை ஒழுகுகிறது, பலகை மட்டும் தாத்தா காலத்திலிருந்து அப்படியே கிடக்கிறது.

கெலுகோர் வாசி – 3 மார்ச், இரவு 10.55

அவசரத்தில் எழுதிவிட்டேன். காண்ட்ராக்டர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அவர் உப்பி எழும்பிய தரையைப் பார்த்திருப்பார். ஏன் எழும்பியது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மரம் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், நம் ஊர் வெப்பத்தில், மரத்துக்குள் அதன் உலர்ந்த எடையில் 15, 16 சதவீதம் தண்ணீர் தங்கும். காற்று 60 சதவீதத்துக்கு வந்தால் மரம் 11க்கு இறங்கும். 50 என்றால் 9. இறங்கும்போது பலகை அகலத்தில் சுருங்கும், ஏறும்போது விரியும். நீளத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இருக்காது.

எவ்வளவு என்பது மரத்தின் இனத்தைப் பொறுத்தது. கணக்குக்காக ஒரு சதவீத ஈரத்துக்கு அகலத்தில் 0.2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 மி.மீ. பலகை 15லிருந்து 11க்கு வந்தால் முக்கால் மி.மீ. போய்விடும். இரண்டு பலகைக்கு நடுவில் டோல் கட்டும் டச் அண் கோ கார்டு நுழையும். அசிங்கம்தான், ஆனால் ஆபத்து இல்லை.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஏற்றுமதிக்கென்று சூளையில் 8 சதவீதம்வரை உலர்த்திய பலகை தள்ளுபடியில் கிடைக்கிறது. அதை வாங்கி வந்த அன்றே, ஜன்னல் திறந்து கிடக்கும் அறையில், சுவரிலிருந்து சுவருக்கு இறுக்கிப் பதிக்கிறார்கள். அறை 3.3 மீட்டர் அகலம் என்றால், நாலே நாலு சதவீதம் ஈரம் ஏறினாலும் கணக்குப்படி அது 26 மி.மீ. கூடுதல் இடம் கேட்கும். இடம் எங்கே? மேலேதான். அப்படி எழும்பியதைத்தான் உங்கள் காண்ட்ராக்டர் பார்த்திருக்கிறார்.

பிறைக்காரர் – 4 மார்ச், காலை 7.40

அப்படியென்றால் ஏர்கோன் போடவே கூடாதா? அதற்கு நான் திண்ணையிலேயே படுத்துக்கொள்ளலாம்.

கெலுகோர் வாசி – 4 மார்ச், மதியம் 1.05

போடுங்கள். மரம் மெதுவான ஆள். இரவு எட்டு மணி நேரம் குளிர்ந்து, பகலெல்லாம் ஜன்னல் திறந்திருந்தால் பலகை அதற்கும் இதற்கும் நடுவில் 12, 13 என்று நின்றுவிடும். வார்னிஷ் இருந்தால் இன்னும் மெதுவாகும். தினம் ஏறி இறங்குவதை மேல்தோல் மட்டும்தான் உணரும்.

ஒரேயடியாகப் பழக்கத்தை மாற்றுவதுதான் சிக்கல். வருடம் முழுக்க ஏர்கோன் ஓடிய அறையை, பிள்ளை வெளியூர் படிக்கப் போய்விட்டான் என்று மாதக்கணக்கில் பூட்டிவைப்பது, பிறகு அவன் வந்ததும் 18 டிகிரியில் இரவு பகல் ஓட்டுவது. என் தங்கை வீட்டில் இது நடந்தது. பூட்டிவைத்தபோது கட்டிலுக்கு அடியில் பூசணம், திறந்தபிறகு பலகைக்குப் பலகை கோடு.

ஆகவே பலகை வந்ததும் பதிக்க அவசரப்படாதீர்கள். கட்டைப் பிரித்து, போடப்போகும் அறையிலேயே, வரிசைக்கு வரிசை குச்சி வைத்துக் காற்று போகும்படி அடுக்குங்கள். நீங்கள் வழக்கமாக எப்படித் தூங்குவீர்களோ அப்படியே ஏர்கோனைப் போடுங்கள். இரண்டு மூன்று வாரம். ஈரமானி ஒன்று ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், இரண்டு ஊசி வைத்தது. சில நாள் இடைவெளியில் குத்திப் பாருங்கள். எண் அசையாமல் நின்றால் மரம் அறைக்குப் பழகிவிட்டது. என் தச்சர், ஜெலுத்தோங்கிலிருந்து வரும் சீன அங்கிள், ஈரமானியை நம்பமாட்டார். பலகையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னபோது எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

கெலுகோர் வாசி – 4 மார்ச், இரவு 9.30

அடித்தளம். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மேலே தெரிகிற பலகைக்கு ஆகும் யோசனையில் பாதியாவது கீழே போக வேண்டும், நம்மில் பலர் அதைச் செய்வதில்லை.

டைல்ஸ் மேலேயே போடலாமா என்றால், போடலாம். ஆனால் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் கெட்டியாக இருந்தால் விடலாம், பொத்தென்று கேட்டால் அது சிமெண்டை விட்டுவிட்டது, பெயர்த்தெடுங்கள். பிறகு இரண்டு மீட்டர் நீள அலுமினியச் சட்டம் ஒன்றைப் படுக்கவைத்து வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். சட்டத்துக்கு அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் பள்ளத்தை நிரப்ப வேண்டும். பள்ளத்தின் மேல் போட்ட பலகை நடக்கும்போது இறங்கி ஏறும், ஏறும்போது கிரீச்சிடும். அந்தச் சத்தத்தைப் பின்னால் எந்த எண்ணெய் ஊற்றியும் நிறுத்த முடியாது.

டைல்ஸை எடுத்துவிட்டுப் புதிதாகச் சிமெண்டு பூசினால் காத்திருக்க வேண்டும். ஒரு மி.மீ. தடிப்புக்கு ஒரு நாள் என்று தோராயக் கணக்கு. 40 மி.மீ. பூசினால் நாற்பது நாள், அதுவும் மழையில்லாத காலத்தில். மேலே வெளுத்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டடிச் சதுரமாக பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் முத்து முத்தாக நீர் நின்றாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ இன்னும் காத்திருங்கள்.

அதற்குமேல் 12 மி.மீ. பிளைவுட். தாளுக்குத் தாள் 3 மி.மீ. விட்டு, ஸ்க்ரூ வைத்து. பிளைவுட் இல்லாமல் பலகை போடவே கூடாது என்பது என் கட்சி.

ஒன்று கவனம். மாடிக் கான்கிரீட்டுக்குள், கீழ்த்தளத்து விளக்குக்குப் போகும் வயர்க் குழாய் ஓடும். துளை போடுபவர் ஆழம் பார்த்துப் போட வேண்டும். கீழே ஹாலில் விளக்கு எங்கே தொங்குகிறது என்று பார்த்து, மாடித் தரையில் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தார் எங்கள் அங்கிள். பெரிய படிப்பு எதுவும் படித்தவர் இல்லை.

செந்தூல் அக்கா – 5 மார்ச், காலை 8.10

கடைவீட்டுப் பலகையைச் சொல்கிறீர்களே தம்பி, அதுவும் உங்கள் வீட்டில் கான்கிரீட் மேல் ஒட்டியதும் ஒன்றா?

கெலுகோர் வாசி – 5 மார்ச், மதியம் 12.45

இல்லை அக்கா, சரியாகப் பிடித்தீர்கள். முதல் பதிவில் நான் போட்ட உதாரணம் அரைகுறை.

கடைவீட்டு மாடியில் குறுக்கு உத்திரங்கள், அதன் மேல் அகலப் பலகை, அவ்வளவுதான். அடியில் பலகையின் முதுகு அப்படியே தெரியும். மேலும் கீழும் ஒரே காற்று. ஒரு பக்கம் ஈரமாகி மறு பக்கம் காய்ந்து கிண்ணம்போல வளைய வாய்ப்பே குறைவு. இடுக்கு விழுந்தாலும் யாரும் கவலைப்படவில்லை, கூட்டினால் தூசி கீழே கடைக்காரர் தலையில் விழும், அவர் கத்துவார், அத்தோடு சரி. நம் வீட்டுப் பலகைக்கு அடிப்பக்கம் அடைபட்டுவிடுகிறது. அடியிலிருந்து சிமெண்டு ஈரம் ஏறினால் மேலே வார்னிஷ் வெளியே விடாது. அதனால்தான் நாம் பிளாஸ்டிக் தாள், ஈரமானி என்று இத்தனை கூத்து அடிக்க வேண்டியிருக்கிறது.

கடைவீடுகளைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. சில வீடுகளில் மாடி முன்னறைப் பலகையில், வாசலுக்கு நேர் மேலே, சின்னதாக ஒரு சதுரம் வெட்டி மூடி போட்டிருப்பார்கள். கதவைத் தட்டுவது யார் என்று மூடியைத் தூக்கி மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கடன்காரன் என்றால் மூடிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ் டவுன் சேர்ந்தபிறகு இப்படிப்பட்ட வீடுகள் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. காசு கொடுத்து ஓர் இரவு படுத்தால் பலகையையும் பார்த்தாற்போலிருக்கும், பக்கத்து அறைக் குறட்டையையும் கேட்டாற்போலிருக்கும்.

கெலுகோர் வாசி – 6 மார்ச், இரவு 10.20

எந்த மரம் என்று தனிச்செய்தியில் கேட்கிறார்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

செங்கால் கிடைத்தால் யோசிக்காதீர்கள். படகுக்கும் வீட்டுத் தூணுக்கும் போட்ட மரம், கரையான் பல்லை உடைத்துக்கொள்ளும். விலைதான் நம் பல்லை உடைக்கும். இடித்த வீட்டுச் செங்கால் பலகை பழைய மரக்கடைகளில் வரும், அதில் ஆணி மிச்சம் இருக்கும். இழைக்கும் பட்டறைக்காரர் பிளேடு போய்விட்டது என்று உங்களிடம் தனியாக வசூலிப்பார்.

மெர்பாவ் நான் போட்டது. கனமரம், அசைவு குறைவு, அதனால்தான் தேர்ந்தெடுத்தேன். 2019இல் நாட்டின் தேசிய மரமாக அறிவித்தார்கள், அதாவது நான் தேசிய மரத்தின் மேல் செருப்பில்லாமல் நடக்கிறேன். புதிதில் மஞ்சள் கலந்த பழுப்பு, வெளிச்சம் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாகிவிடும். முதல் வருடம் கம்பளம் விரிக்காதீர்கள், எடுக்கும்போது அந்த இடம் மட்டும் வெளிர்ச் சதுரமாக நிற்கும்.

கெம்பாஸ் விலை குறைவு, நல்ல அழுத்தம், நிறமும் அழகு. ஆனால் கரையானுக்கு அது பிடிக்கும். கெம்பாஸ் போடுபவர்கள் கரையான் மருந்துக்கும் காசு ஒதுக்கிவிட்டுப் போடுங்கள். ரப்பர் மரம், போரான் மருந்து ஏற்றியது என்றால் மட்டும். இல்லாவிட்டால் துளைப்பூச்சி வந்து, காலையில் தரையில் மாவு கொட்டிக் கிடக்கும்.

எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பாகம் வேறு, ஓரத்து வெளிர்ப் பாகம் வேறு. மெர்பாவ் என்று ரசீது இருந்தாலும் ஓரத்து வெளிர்ப் பாகம் பூச்சிக்குச் சாப்பாடுதான். கட்டைப் பிரிக்கும்போதே அந்தப் பலகைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அலமாரிக்கு அடியில் போடலாம் என்று சொல்வார்கள். போடாதீர்கள், நீங்கள் பார்க்காத இடத்தில்தான் பூச்சி வேலை செய்யும்.

பாயான் பாரு – 6 மார்ச், இரவு 11.00

இஞ்ஜினியர்டு மரத்தை ஒருத்தரும் பேசவில்லையே. அதுவும் நிஜ மரம்தானே?

கெலுகோர் வாசி – 6 மார்ச், இரவு 11.25

மேலே 3, 4 மி.மீ. நிஜ மரம், கீழே குறுக்கும் நெடுக்குமாகப் பிளைவுட். நிஜம்தான், நான் சண்டைக்கு வரவில்லை. அசைவு குறைவு, ஏர்கோன் இரவு பகல் ஓடும் கொண்டோ (அடுக்குமாடி வீட்டு) அறைக்கு என்னுடையதைவிடப் பொருத்தம். மேல் மரம் ஒரு மி.மீ.க்கும் குறைவு என்றால் மட்டும் ஓடிவிடுங்கள், ஒருமுறை தேய்த்தால் பிளைவுட் பல்லைக் காட்டும். 18 மி.மீ. பலகையில், பக்கத்துப் பலகைக்குள் நுழையும் நாக்குக்கு மேலே ஐந்தாறு மி.மீ. இருக்கும், ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒன்று போனால்கூடப் பேரப்பிள்ளைகள் வரை வரும். அவர்களுக்கு இது பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

கெலுகோர் வாசி – 8 மார்ச், மாலை 5.50

கறுப்புப் புள்ளி பற்றி ஒரு எச்சரிக்கை. நேற்று ஒரு நண்பர் படம் அனுப்பினார், அதைப் பார்த்ததும் எங்கள் வீட்டு வம்பு ஞாபகம் வந்தது.

பலகை பதித்துத் தேய்த்து முடித்திருந்தோம், வார்னிஷ் இன்னும் இல்லை. ஜன்னல் கம்பி சரியாக உட்காரவில்லை என்று கிரில் போட்டவர் வந்தார். அறைக்குள்ளேயே கிரைண்டரை வைத்து விர்ரென்று அறுத்தார், தீப்பொறி பறந்தது, கூட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு மழை. காலையில் ஜன்னலிலிருந்து ஆறடிக்குத் தரை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். குனிந்து நகத்தால் சுரண்டினால் நடுவில் பொடி இரும்பு, அதைச் சுற்றி மை ஊறினாற்போல் வளையம். மெர்பாவில் டானின் அதிகம். இரும்பும் ஈரமும் அதோடு சேர்ந்தால் மைதான்.

அங்கிள் பார்த்தார், ஹொக்கியனில் ஏதோ சொன்னார், எனக்கு மொழிபெயர்க்கவில்லை. பிறகு ஆக்ஸாலிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்துப் பிரஷ்ஷால் தடவினார். கொஞ்ச நேரத்தில் கறுப்பு சாம்பலாகி, சாம்பல் மறைந்தது. ஈரத்துணியால் இரண்டு மூன்று தரம் துடைத்து, காயவிட்டு, லேசாக மறுபடி தேய்த்தோம். அது விஷம், கையுறை வேண்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. இரும்புக் கம்பிப் பஞ்சையும் மெர்பாவ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கிரில், அலமாரி, திரைச்சீலைக் கம்பி எல்லாம் முடிந்தபிறகு தரைக்கு வாருங்கள்.

பிறைக்காரர் – 8 மார்ச், இரவு 9.15

சரி, நீங்கள் பயமுறுத்துவதைப் பார்த்தால் காண்ட்ராக்டரே தேவலை. கரையானுக்கு என்ன செய்தீர்கள்?

கெலுகோர் வாசி – 8 மார்ச், இரவு 10.40

மாடிதானே, எங்கே வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். நம் ஊர் வீடுகளுக்குள் வருவது பெரும்பாலும் காப்டோடெர்மஸ் ஜெஸ்ட்ரோய் என்ற வகை. மண்ணிலிருந்து சுவர் வெடிப்பு வழியாக, குழாய் போகும் சந்து வழியாக மண்குழாய் கட்டிக்கொண்டு மாடிக்கும் ஏறும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மிண்டனில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் நகர்ப்புறப் பூச்சிகளைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ச்சி நடக்கிறது. கரையானுக்கு நம் தீவில் அவ்வளவு மரியாதை.

மரம் வருவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி மண்ணுக்கு மருந்து அடித்தேன். பிளைவுட்டும் மருந்து ஏற்றியதாக வாங்கினேன். இதைப் பலர் மறந்துவிடுவார்கள், மேலே செங்கால் போட்டுக் கீழே மலிவுப் பிளைவுட்டை விருந்தாக வைப்பார்கள். அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு அவ்வப்போது குளியலறைச் சுவர் ஓரமும் கதவு நிலையும். விரலால் தட்டினால் பொக்கென்று கேட்கக்கூடாது.

உண்மையைச் சொன்னால் கரையானைவிடத் தண்ணீர்தான் எனக்குப் பயம். படுக்கையறையில் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஏர்கோனிலிருந்து. வடிகுழாய் அடைத்துக்கொண்டால் சொட்டுச் சொட்டாக, நீங்கள் தூங்கும்போது, ஒரே இடத்தில். சர்வீசை ஒத்திப்போடாதீர்கள். ஒட்டியிருக்கும் குளியலறை இன்னொன்று. நம் வீடுகளில் குளியலறை முழுக்க நனையும், வெளியே வருபவர் கால் முழுக்கத் தண்ணீர். வாசலில் கிரானைட் படி ஒன்று மரத்தைவிட உயரமாக நிற்க வேண்டும், அதற்குமுன் குளியலறையின் நீர்க்காப்பு ஒழுகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். சுவருக்குள் கசிந்தால் பலகையின் விளிம்பு முதலில் கறுக்கும்.

மூன்றாவது, அம்மா.

கெலுகோர் வாசி – 9 மார்ச், காலை 7.05

அம்மா பற்றிக் கேட்டு எத்தனை செய்தி! சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவ வேண்டும். கழுவுவது என்றால் வாளி, துடைப்பம், மஞ்சள் நீர். மரத்தரை போட்ட முதல் வெள்ளியன்று நான் வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் வாளிச் சத்தம். ஓடிப்போய்த் தடுத்தேன். “தண்ணி படாத தரையில சாமிப் படம் எப்படிப்பா மாட்டுறது?” என்றார். நியாயமான கேள்வி. கடைசியில் சாமிப் படம் கீழ் ஹாலிலேயே இருக்கட்டும், மாடியில் நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பது என்று பேசி முடித்தோம். அவர் பிழிவதைப் பார்த்தால் துணிக்கே பாவமாக இருக்கும். ஆனால் மத்தியானம் கட்டிலை விட்டுத் தரையில் படுத்துக்கொள்வது அவர்தான். டைல்ஸில் படுத்தால் இடுப்பில் குளிர் ஏறுகிறதாம்.

செந்தூல் அக்கா – 10 மார்ச், இரவு 8.30

எங்களுக்குக் கொண்டோ, பன்னிரண்டாம் மாடி. கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே நாற்காலி நகர்த்தினாலே புகார் கொடுப்பவர்.

கெலுகோர் வாசி – 10 மார்ச், இரவு 9.50

முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி. 2013ஆம் ஆண்டு ஸ்த்ராத்தா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டம், எண் 757, அதன்கீழ் வந்த விதிகளில் வீட்டுக்குள் புதுப்பிப்பு வேலைக்கு நிர்வாக அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. வைப்புத்தொகை, வேலை நேரம், லிப்டுக்குப் போர்வை எல்லாம் அவர்களே சொல்வார்கள்.

சத்தத்துக்கு, பலகைக்கு அடியில் ரப்பர் அல்லது கார்க் படுகை. நீங்கள் ஸ்க்ரூவை கான்கிரீட்டில் ஏற்றினால் காலடிச் சத்தம் அதன் வழியே நேராகக் கீழே போகும், படுகை போட்டும் பாதி வீண். உங்களுக்கு இஞ்ஜினியர்டு பலகையைப் படுகைமேல் ஒட்டுவதுதான் சரி என்று நினைக்கிறேன். நாற்காலிக் கால்களுக்குத் துணிப் பட்டையும் ஒட்டிவிடுங்கள், அவர் வேறு புகார் தேடட்டும்.

கெலுகோர் வாசி – 13 மார்ச், இரவு 11.10

பிளைவுட் பற்றி மறு யோசனை. மேலே “பிளைவுட் இல்லாமல் பலகை போடவே கூடாது என்பது என் கட்சி” என்று எழுதியிருந்தேன். செந்தூல் அக்காவுக்குப் பதில் எழுதியபிறகு அது குடைந்துகொண்டே இருந்தது. இன்று அங்கிளுக்கு போன் போட்டுப் பேசினேன்.

தளம் மட்டமாக, காய்ந்து, கெட்டியாக இருந்தால் பாலியூரித்தேன் பசையைப் பல் கரண்டியால் இழுத்து நேராக ஒட்டுவதையே அவரும் இப்போது அதிகம் செய்கிறாராம். பசை கொஞ்சம் இழுபடும், பலகை அசைய விடும், அதே சமயம் பிடித்தும் வைத்திருக்கும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை மட்டும் வேண்டாம், அதிலிருக்கும் ஈரமே பலகையை வளைத்துவிடும். பிளைவுட் இல்லாவிட்டால் உயரம் 12 மி.மீ. மிச்சம், கரையானுக்கு ஒரு சாப்பாடு குறைவு. தளம் கோணல் என்றாலோ, பலகை அகலம் அதிகம் என்றாலோ, நாக்கில் சாய்வாக ஆணி அடித்துப் பிடிக்க ஏதாவது வேண்டும், அப்போது பிளைவுட். மெர்பாவில் ஆணிக்கு முன் துளை போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு பிளந்துவிடும்.

எங்கள் வீட்டுத் தளம் கோணல். ஆகவே எனக்கு அது சரி, உங்களுக்குச் சட்டம் வைத்துப் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள். பிளைவுட் தாள்கள் உரசுவதால் அலமாரிக்கு முன்னால் ஓரிடத்தில் மட்டும் எங்கள் தரை கிரீச்சிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணிக்கு மகன் போன் சார்ஜர் எடுக்க வந்தால் தெரிந்துவிடுகிறது, அதனால் அங்கிளைக் கூப்பிட்டுச் சரிசெய்யவில்லை.

பாயான் பாரு – 14 மார்ச், காலை 9.00

பலகை எந்தத் திசையில் ஓட வேண்டும்? வாஸ்துப்படி ஏதாவது உண்டா?

கெலுகோர் வாசி – 14 மார்ச், காலை 9.20

ஜன்னல் வெளிச்சம் போகும் திசையில். குறுக்கே போட்டால் ஒவ்வொரு இணைப்பும் நிழல் விழுந்து தெரியும். வாஸ்து பார்ப்பவர் வெளிச்சத்தோடு ஒத்துப்போகாவிட்டால் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள், பலகையைத் திருப்ப முடியாது.

கெலுகோர் வாசி – 16 மார்ச், மாலை 4.00

தேய்ப்பதும் பூசுவதும். சுருக்கமாக.

40ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 80, கடைசியில் 120. எண்ணைத் தாண்டிக் குதித்தால் கோடுகள் வார்னிஷுக்குப் பிறகுதான் தெரியும், அதுவும் மாலை வெயில் சாய்வாக விழும்போது. கதவைத் துணியால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெர்பாவ் தூள் கீழே சாம்பார் வரை வந்து சேரும். மூக்கு மூடி கட்டாயம். அந்தத் தூள் ஈரப்பட்டால் சுவரில் செம்பழுப்புக் கறை இறங்கும், ஆகவே சுவர்ப் பெயிண்டின் கடைசிப் பூச்சைத் தரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலியூரித்தேன் மூன்று பூச்சு. பூச்சுக்கு நடுவே லேசான தேய்ப்பு. தண்ணீர் கலந்த வகையில் வாடை குறைவு, பழைய வகையில் நிறம் ஆழம். நான் பழையதைப் போட்டேன், அதற்காக ஒரு வாரம்போல ஹாலில் படுத்தோம். மழை வரப்போகும் மாலையில் பூசச் சொல்லாதீர்கள், கொப்புளம் விடும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் தேய்ப்பு வேலைக்கு ஆள் உடனே கிடைக்கிறார் என்றால் ஏன் கிடைக்கிறார் என்று யோசியுங்கள்.

பிறைக்காரர் – 29 மார்ச், இரவு 8.45

முடிவு செய்துவிட்டேன். மெர்பாவ், 90 மி.மீ., டைல்ஸ் கெட்டியாக இருப்பதால் நேராகப் பசை. அறை 143 சதுர அடி, 160க்குச் சொல்லியிருக்கிறேன். காண்ட்ராக்டர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். இரண்டு கேள்வி. கதவு இடிக்குமா? ஸ்கர்ட்டிங்கை, அதான் சுவரடிப் பட்டையை, தரைப் பலகையோடு சேர்த்து ஆணி அடிப்பேன், அப்போதுதான் இடுக்கு தெரியாது என்கிறார். விடலாமா?

கெலுகோர் வாசி – 29 மார்ச், இரவு 10.05

கதவு இடிக்கும். 18 மி.மீ. பலகை, பசையோடு 20. கதவைக் கழற்றி அடியில் அறுக்க வேண்டும், அறுத்த விளிம்புக்கும் வார்னிஷ் அடியுங்கள். கதவு நிலையின் அடியையும் பலகை தடிப்புக்கு அறுத்துப் பலகையை உள்ளே நுழைக்கச் சொல்லுங்கள், நிலையைச் சுற்றி வெட்டி சிலிக்கான் அப்பினால் அசிங்கமாக இருக்கும்.

ஸ்கர்ட்டிங்குக்கு விடாதீர்கள். அதைச் சுவரில் அடிக்க வேண்டும், தரையில் அடிக்கக்கூடாது. சுவர் ஓரம் சுற்றிலும் 12 மி.மீ. இடுக்கு விடுவதே மரம் அசையத்தான். ஸ்கர்ட்டிங்கைப் பலகையில் ஆணி அடித்தால் நாலு பக்கமும் பூட்டியாகிவிட்டது. அந்த இடுக்கில் சிமெண்டுத் துண்டு, ஆப்புக் கட்டை எதுவும் கிடக்கிறதா என்று மூடுவதற்குமுன் நீங்களே சுற்றிவந்து பாருங்கள், வேலை முடித்துப் போகிறவர்கள் ஆப்பை எடுக்க மறந்துவிடுவார்கள். பழைய செங்கல் சுவர் என்றால் ஆணி பிடிக்காது, ரோல் பிளக் (துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) போட்டு ஸ்க்ரூ. ஸ்கர்ட்டிங் தடிப்பு குறைந்தது 15 மி.மீ., இல்லாவிட்டால் இடுக்கை மூடாது.